கடை உங்களுடையது, பெயர்ப்பலகை யாருடையது?

கண்டி நகரின் கொழும்பு வீதியிலோ திருகோணமலை வீதியிலோ கடை நடத்தும் ஒருவர், பெயர்ப்பலகை எழுத வந்த ஓவியரின் பெயரில் கடையின் உறுதியை எழுதிக் கொடுப்பாரா? சாவிக்கொத்தையும் அவரிடமே விட்டுவிட்டு வீடு செல்வாரா? கேட்பதற்கே சிரிப்பாக இருக்கின்றது. ஆனால் அதே மனிதர் தமது வியாபாரத்துக்கு ஓர் இணையத்தளம் அமைக்க முற்படும்போது ஏறத்தாழ இதைத்தான் செய்கின்றார். வடிவமைப்பவர் தமது பெயரில் முகவரியைப் பதிவு செய்கின்றார். கடவுச்சொற்கள் அனைத்தும் அவரிடமே தங்கிவிடுகின்றன. கடைக்காரரிடம் எஞ்சுவது ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே. பலரிடம் அதுவும் இல்லை.

இணையத்தள வடிவமைப்பாளரைத் தெரிவு செய்வது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். அவை பெரும்பாலும் நிறம், எழுத்துரு, வேகம், விலை ஆகியவை பற்றியே பேசுகின்றன. நமது சூழலில், குறிப்பாகக் கண்டி, கம்பளை, மாத்தளை போன்ற மலையக நகரங்களின் சிறு வியாபாரிகள், விருந்தினர் விடுதி நடத்துவோர், எழுத்தாளர், பதிப்பாளர் ஆகியோரைப் பொறுத்தவரையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தளம் அழகாக இருக்குமா என்பதற்கு முன்னால், அது யாருக்குச் சொந்தமாக இருக்கும் என்று கேட்க வேண்டும் என்பதே இப்பத்தியின் வாதம். இரண்டாவது கேள்வி, அதில் நமது மொழி இருக்குமா என்பது.

ஒரு சொல், மூன்று பொருள்கள்

இணையத்தளம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்களின் கூட்டாகும். முதலாவது முகவரிப் பெயர். டொமைன் என்று சொல்லப்படுவது. இரண்டாவது, தளத்தின் கோப்புகள் குடியிருக்கும் கணினியில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம். ஹோஸ்டிங் என்பது இதுவே. மூன்றாவது, நாம் கண்ணால் காணும் வடிவமைப்பும் உள்ளடக்கமும்.

காணி வழக்கில் சொல்வதாயின் முகவரிப் பெயர் உறுதி போன்றது. ஹோஸ்டிங் வாடகை வீடு போன்றது. வடிவமைப்பு, அந்த வீட்டுக்கு அடிக்கும் வர்ணமும் போடும் தளபாடமும் ஆகும். வர்ணம் பிடிக்காவிட்டால் மாற்றி அடிக்கலாம். வாடகை வீடு சரிவராவிட்டால் பொருள்களைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குச் செல்லலாம். உறுதி மற்றவர் பெயரில் இருந்தால் என்ன செய்வது? ஆயினும் நமது வியாபாரிகள் விலை பேசும்போது மூன்றையும் ஒரே பொதியாகக் கேட்கின்றார்கள். வடிவமைப்பவரும் ஒரே தொகையைச் சொல்கின்றார். சிக்கலின் வித்து அங்கேதான் விழுகின்றது.

முகவரிப் பெயர் என்பது ஒருமுறை விலைகொடுத்து நிரந்தரமாக வாங்கும் பொருளன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது குறித்த காலத்துக்கு மட்டுமே பதிவாகின்றது. காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, காலாவதியான பின்னரும் பதிவு நிறுவனம் 45 நாள்கள் வரை வைத்திருக்க இடமுண்டு. அதன் பின்னர் மீட்பதற்கென 30 நாள்கள். அப்போது அறவிடப்படும் கட்டணம் வழமையான கட்டணத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அதுவும் கடந்தால் ஐந்து நாள்களில் அப்பெயர் சந்தைக்கு வந்துவிடும். உலகில் எவரும் வாங்கலாம். பெயர் காலாவதியாகப் போகின்றது என்ற எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குச் செல்லும்? பதிவில் யாருடைய மின்னஞ்சல் இருக்கின்றதோ அவருக்குத்தான்.

எனக்குப் பழக்கமான விடுதி உரிமையாளர் ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். மகாவலிக் கரைக்கு அண்மையில் ஏழு அறைகள் கொண்ட விடுதி அவருடையது. தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் நல்லவர், வேலையும் திருத்தமானது. ஆனால் பெயரைத் தமது சொந்தக் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். சில ஆண்டுகளில் அவர் தொழில் தேடி மத்திய கிழக்குக்குச் சென்றார். பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். பெயர் காலாவதியாயிற்று. யாரோ அதை வாங்கினார்கள். விடுதியின் பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் கார்டிலும், முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்குக் கொடுத்த அட்டைகளிலும் அச்சாகியிருந்த அந்த முகவரியைத் தட்டியவர்களுக்குச் சூதாட்ட விளம்பரங்கள் காட்சி தந்தன. அந்த இளைஞர் ஏமாற்றவில்லை, மறந்துவிட்டார், அவ்வளவே. மோசடிக்காரரிடமிருந்து தப்புவதற்கு நாம் எச்சரிக்கையாக இருக்கின்றோம். மறதிக்காரரிடமிருந்து தப்புவதற்கு எந்த ஏற்பாடும் செய்வதில்லை.

இவ்வாறு பறிபோன பெயரை மீட்க வழியே இல்லையா என்று கேட்கலாம். 1999இல் இருந்து நடைமுறையிலுள்ள சர்வதேசப் பிணக்குத் தீர்வு முறை ஒன்று உண்டு. ஆனால் அது வணிகக் குறி உரிமையாளருக்கானது. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் முன் அவ்வாறு ஒரு முறைப்பாட்டைக் கொண்டு செல்வதற்கு ஆகக் குறைந்த கட்டணம் 1,500 டொலர். ஏழு அறை விடுதிக்காரர் தமது தளம் முழுவதையும் அதைவிடக் குறைந்த தொகையில் புதிதாக அமைத்துவிடலாம். ஆகவே இதற்கு மருந்து பின்னால் இல்லை, முன்னால்தான் இருக்கின்றது.

முகநூல் போதாதா?

“இதெல்லாம் எதற்கு? முகநூலில் ஒரு பக்கம், வட்ஸ்அப்பில் ஓர் இலக்கம், போதும்” என்று சொல்வோர் இருக்கின்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கட்டுகஸ்தோட்டையில் கேக் செய்து விற்கும் ஒரு குடும்பத்தலைவிக்கு முகநூல் பக்கமே போதுமானதாக இருக்கக்கூடும். வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கின்றார்கள், செலவும் இல்லை. தேவையில்லாத தளத்தை அமைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பணம் கட்டுமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

எனினும் கண்டியில் இருந்துகொண்டு இவ்வாதத்தை முற்றாக ஏற்க முடியாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பிரதேசங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் வெடித்தபோது, அம்மாதம் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. முகநூல் மீண்டும் திறந்தது 15ஆம் திகதி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் இத்தகைய தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் எழுச்சியின் தொடக்க நாள்களில், மீண்டும் சில மணித்தியாலங்களுக்கு வந்தது. உயிரும் வீடும் கடையும் இழந்தோரின் துயரத்துக்கு முன்னால் ஒரு வியாபாரப் பக்கம் மறைந்தது சிறிய விடயம்தான். ஆயினும் “கடை திறந்திருக்கின்றதா, விருந்தினர் வரலாமா, பாதை பாதுகாப்பானதா” என்று மக்கள் அதிகம் தேடும் நாள்களிலேயே அந்தக் கதவு வெளியாரின் கையால் அடைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தத் தளங்கள் அந்தத் தடைப்பட்டியலில் இருக்கவில்லை.

தடை அரசாங்கத்திடமிருந்து மட்டும் வருவதில்லை. 1990களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் நமது எழுத்தாளர் பலர் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் குடியிருந்தார்கள். யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் அதை இழுத்து மூடியது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. சிறு வியாபாரிகளுக்கு கூகுள் இலவசமாக வழங்கிவந்த ஒற்றைப்பக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. இலவசமாகக் குடியிருப்பவர், வீட்டுக்காரர் சொல்லும் நாளில் எழும்பத்தான் வேண்டும்.

விடுதிக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு முன்பதிவு நிறுவனங்கள் எடுக்கும் தரகு பொதுவாக 15 வீதத்தை ஒட்டியது. ஓர் இரவுக்கு 10,000 ரூபா வாங்கும் அறையில் 1,500 ரூபா அவர்களுக்குப் போகின்றது. ஆண்டில் நூறு இரவுகள் அவர்கள் வழியாக நிரம்பினால் 150,000 ரூபா. அதில் மூன்றிலொரு பங்கு விருந்தினராவது இரண்டாம் முறை வரும்போது நேரடியாக விடுதியின் தளத்துக்கு வந்தால் 50,000 ரூபா கையில் நிற்கும். அவ்வாறு வருவதற்கு முகவரி ஒன்று வேண்டும். அந்த முகவரி அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

சொந்தத் தளம் என்றால் முழுப்பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் இலங்கை முகவரி உட்பட டொட் எல்கே பெயர்கள் சில ஊடுருவப்பட்டு, வந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை முதல் ஊடக சுதந்திரம் வரை அப்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. கூகுளுக்கே நேர்ந்தால் நமக்கு நேராதா என்று சோர்வடைய வேண்டியதில்லை. பெயர் நமது பதிவில் இருந்து, தளத்தின் பிரதி ஒன்றும் நமது கையில் இருந்தால், விழுந்ததை எழுப்பிவிடலாம். இரண்டும் இல்லாதவர் வடிவமைப்பாளரின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தமிழ் எங்கே?

இரண்டாவது கேள்விக்கு வருகின்றேன். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாகியது. கண்டியில் பெயர்ப்பலகைகள் பல மும்மொழியில் இருக்கின்றன. ஆனால் அதே கடைகளின் இணையத்தளங்களைப் பாருங்கள். தமிழர் நடத்தும் நிறுவனங்களின் தளங்கள்கூட ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. கேட்டால், “வருவோர் வெளிநாட்டார்தானே” என்கிறார்கள். 2024இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்துக்கும் அதிகம்; அவர்களுள் முதலிடம் இந்தியருக்கு. தமிழகத்திலிருந்து குடும்பமாக வருவோரும், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெற்றோரை அழைத்துக்கொண்டு வருவோரும் வெளிநாட்டாரே. அந்தப் பெற்றோர் தமிழில் வாசிப்பவர்கள்.

தமிழைச் சேர்ப்பது என்பது வடிவமைப்பாளரிடம் “தமிழிலும் போடுங்கள்” என்று ஒரு சொல் சொல்வதோடு முடிவதில்லை. நமது நாட்டு அச்சகங்களில் இன்றும் பாமினி வகை எழுத்துருக்கள் புழங்குகின்றன. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் உருவங்களை அமர்த்திய முறை அது. அச்சுக்கு அது போதும். இணையத்தில் அவ்வெழுத்துருவை நீக்கினால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்குத் தெரிவதும் அதுவே. “கண்டி” என்று ஒருவர் தமிழில் தேடும்போது அந்தப் பக்கம் அகப்படாது. யுனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கணினிகள் அதைத் தாங்குகின்றன. தமிழக அரசு 2010இல் அதைத் தன் தரமாக அறிவித்தது. இருந்தும் அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பையே எடுத்து, தமிழ்ப் பகுதியை ஒரு படமாக ஒட்டிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படமாக ஒட்டிய தமிழைத் தேட முடியாது, பிரதி எடுக்க முடியாது, பார்வையற்றோரின் கணினி அதை வாசித்துச் சொல்லவும் முடியாது. பத்திரிகைத்துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கின்றேன்: இந்த எழுத்துருக் குழப்பத்தினாலேயே ஒரு காலத்தின் தமிழ்ப் பக்கங்கள் பல இன்று வாசிக்க முடியாதனவாகிவிட்டன.

இதற்கு மறுபக்கமான சான்றும் நம்மிடையே உண்டு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வருகின்றது. பட்டியல்கள் யுனிகோட் தமிழில் இருக்கின்றன; கட்டற்ற மென்பொருளில் தளம் இயங்குகின்றது; நூலகம் என்ற பெயர் நிலைத்திருக்கின்றது. கண்டியில் அச்சான பழைய சஞ்சிகை ஒன்றை மெல்போர்னில் இருப்பவர் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடிவதன் காரணம் ஆடம்பர வடிவமைப்பன்று. பெயரும் எழுத்தும் ஒழுங்காகப் பேணப்பட்டமையே.

இப்பொழுது இன்னொரு நோயும் சேர்ந்திருக்கின்றது. ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ். முகப்பு என்று இருக்கவேண்டிய இடத்தில் “வீடு” என்றும், அறையை முன்பதிவு செய்யுமாறு சொல்லவேண்டிய இடத்தில் “இப்போது புத்தகம்” என்றும் எழுதியிருந்த பக்கங்களை நானே கண்டிருக்கின்றேன். அதைப் பார்க்கும் தமிழர், இந்த விடுதியில் தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை என்றே முடிவு செய்வார். தமிழ் ஆசிரியர் ஒருவருக்கு உரிய சன்மானம் கொடுத்து நாலு பக்கம் எழுதுவித்தால் தீரும் விடயம் இது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாதாயின், எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டாதிருக்கவும், வரிகளை நெருக்கி விசிறிகளும் சுழிகளும் வெட்டுப்படாதிருக்கவும், விலை குறைந்த கையடக்கத் தொலைபேசி ஒன்றில் பார்த்துச் சரிசெய்யவும் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச்சொல் நீளமானது. பொத்தான்களுக்குள் அடங்காமல் வழியும். இதைப் பார்த்துச் சொல்வது வடிவமைப்பாளரின் வேலை என்று விட்டுவிட முடியாது. அது நமது வேலை.

எழுத்தில் இல்லாதது எங்கும் இல்லை

நமது ஊரில் ஒப்பந்தம் எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. “அவர் நம்ம மருமகனின் நண்பர்தானே, எழுத்தெல்லாம் எதற்கு” என்பார்கள். எழுதுவதால் உறவு கெடுவதில்லை. எழுதாததால் கெட்ட உறவுகளையே நான் அதிகம் பார்த்திருக்கின்றேன்.

சட்டநிலையையும் அறிந்திருப்பது நல்லது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் தமது தொழிலின்போது ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில்தருநரைச் சேரும். ஆனால் நாம் கூலி பேசி அமர்த்தும் சுயாதீன வடிவமைப்பாளர் நமது ஊழியர் அல்லர். அவர் ஆக்கியதன் உரிமை முதலில் அவருடையதே. அது நமக்கு மாறவேண்டுமாயின் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே நம்முடையது என்று எண்ணுவது பொதுவான மயக்கம். இதற்கு நொத்தாரிசிடம் போகவேண்டியதில்லை. சாதாரண மொழியில் ஒரு பக்கக் கடிதம் போதும். யார் என்ன செய்வார், எப்போது முடிப்பார், எவ்வளவு, எந்த உரிமை யாருக்கு என்பவை அதில் இருந்தால் போதும். பேச்சுவார்த்தைகளை மின்னஞ்சலில் வைத்துக்கொள்வதும் நல்லது. மின்னணுத் தொடர்பாடலுக்குச் சட்ட ஏற்பை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வழங்கியிருக்கின்றது.

விருந்தினரின் கடவுச்சீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் போன்றவற்றைத் தளத்தின் படிவம் வழியாக வாங்குவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவை எங்கே போய்ச் சேர்கின்றன? வடிவமைப்பாளரின் சொந்த மின்னஞ்சலுக்கா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. விருந்தினர் தமது விபரத்தை நம்பிக் கொடுத்தது விடுதிக்கு. பதில் சொல்லவேண்டியவரும் விடுதிக்காரரே.

வடிவமைப்பாளர் பக்கத்து நியாயம்

இதுவரை வாசித்தவர்கள், வடிவமைப்பாளரை நான் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதாக எண்ணிவிடக் கூடாது. மறுபக்கத்தின் குறை இதைவிடக் குறைந்ததன்று. பேராதனையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் வீட்டு அறையொன்றில் இருந்துகொண்டு இத்தொழில் செய்யும் இளைஞர், யுவதிகள் இருக்கின்றார்கள். வெளிநாட்டவருக்குச் செய்யும் வேலைக்கு உரிய கூலியைப் பெறும் அவர்களிடம், சொந்த ஊரார் வந்து “தம்பி, இது சின்ன வேலைதானே” என்று பேரம் பேசுகின்றார்கள். சீமெந்து விலையைப் பற்றி மேசனிடம் வாதாடாதவர்கூட, கணினி வேலைக்குக் கூலி எதற்கு என்று நினைக்கின்றார். படங்களையும் விபரங்களையும் தருவதாகச் சொன்னவர் மாதக்கணக்கில் தருவதில்லை. முடிந்த பின் “ஒரு சின்ன மாற்றம்” என்று முப்பது தடவை மாற்றச் சொல்கின்றார். கடைசித் தவணைப் பணம் வருவதேயில்லை.

வடிவமைப்பாளர் ஏன் பெயரையும் கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கின்றது. நிலுவைப் பணத்துக்கு அவரிடமுள்ள ஒரே பிணை அதுதான். அந்தப் பிணை அவருக்குத் தேவையில்லாமற் செய்வது நமது கையில் இருக்கின்றது. மூன்று தவணையாகப் பிரித்து, தொடக்கத்தில் ஒன்று, மாதிரியை ஏற்றவுடன் ஒன்று, சாவிகளைக் கையளிக்கும்போது ஒன்று என்று கொடுத்துவிட்டால் இருவருக்கும் பயமில்லை. எத்தனை தடவை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

பராமரிப்புக் கட்டணத்திலும் இதே நேர்மை வேண்டும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஹோஸ்டிங் கட்டணத்தை டொலரில் செலுத்தும் வடிவமைப்பாளர் பழைய ரூபா விலைக்கே எவ்வாறு தொடர்ந்து வழங்குவார்? வழங்க முடியாதவர்கள் மௌனமாக விட்டுவிட்டார்கள், தளங்கள் அணைந்தன. டொலரில் எவ்வளவு, வடிவமைப்பாளரின் உழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். அதேவேளை, பாதுகாப்புச் சான்றிதழ் என்ற பெயரில் ஆண்டுதோறும் பெருந்தொகை கேட்டால் காரணம் கேளுங்கள். 2015இன் இறுதியிலிருந்து அத்தகைய சான்றிதழ்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. சாதாரணத் தளமொன்றுக்கு அது போதும்.

கையளிப்பு நாளன்று

செயற்கை நுண்ணறிவு பத்து நிமிடத்தில் தளம் கட்டித் தரும் காலம் இது; வடிவமைப்பாளரே தேவையில்லை என்று சொல்வோரும் உண்டு. கட்டுவது எளிதாகியிருக்கின்றது, உண்மை. ஆனால் பெயர் யாருடையது, பிரதி எங்கே, தமிழைச் சரிபார்த்தவர் யார் என்ற கேள்விகளை எந்த இயந்திரமும் நமக்காகக் கேட்காது. மனிதரை அமர்த்தினாலும் இயந்திரத்தை அமர்த்தினாலும் அவை நம்மிடமே இருக்கின்றன.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். முகவரிப் பெயரை வடிவமைப்பாளரைத் தேடுவதற்கு முன்னரே, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் நீங்களே பதிவு செய்யுங்கள். அரை மணித்தியால வேலை. வெளிநாட்டுக் கொடுப்பனவு சிரமமாயின் ரூபாவில் செலுத்தக்கூடிய டொட் எல்கே பெயரை எடுங்கள். 2010 முதல் டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முகவரி எடுக்கவும் வழியுண்டு என்பதை நம்மவரில் எத்தனைபேர் அறிவார்கள்? ஹோஸ்டிங் கணக்கும் உங்களுடையதாகவே இருக்கட்டும். வடிவமைப்பாளருக்கு வேலை செய்ய அனுமதி கொடுங்கள். கையளிக்கும் நாளில் கடவுச்சொற்கள், முகாமையாளர் கணக்கு, தளத்தின் முழுப்பிரதி, மூலப் படங்கள், கூகுள் வரைபடத்தில் உங்கள் நிறுவனத்தின் உரித்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியவுடன் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பின்னர் கடைசித் தவணையைத் தாமதமின்றிக் கொடுங்கள்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்போர், இப்பத்தியை மூடியதும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தளத்தை அமைத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, “பெயர் யாருடைய பதிவில் இருக்கின்றது, எப்போது முடிகின்றது” என்று அன்பாக விசாரியுங்கள். நல்லவராயின் உடனே சொல்வார், மாற்றியும் தருவார். அவர் தொலைபேசியை எடுக்கும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.